சங்கத்தில் சேர்ந்தால் துரைக்குக் கோபம் வரும்

இயேசு மரி சூசை துணை

கொட்டகலை

அன்பு மகன் சுகந்தனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் மருமகள் ஷெரோமியும் உன் மகள் சின்னவளும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. சின்னவள் உன் பழைய சுவெட்டரை மாட்டிக்கொண்டு வீடெல்லாம் இழுத்துத் திரிகிறாள், பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். போனில் முகம் பார்ப்பது பார்த்தது ஆகாது மகன்.

ஷெரோமியையும் பிள்ளையையும் பின்லாந்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளவா என்று கேட்டிருந்தாய். அப்பா வேண்டாம் என்கிறார். நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு ரஷ்ய எல்லை கிட்டத்தானே, பின்லாந்து போய் நேட்டோ என்ற இராணுவக் கூட்டணியில் சேர்ந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ராசிக் நானாவின் கடையில் செய்தி பார்த்துவிட்டு வந்து, சும்மா இருக்கிறவன் வாசல்ல பத்துப் பேரச் சேத்துக்கிட்டுப் போய் நின்னா அவனுக்குக் கோவம் வராதா என்று என்னிடம் சண்டைக்கு நிற்கிறார். சேராம இருந்த உக்ரைனுக்குள்ள மட்டும் ஏங்க பூந்தான் என்று கேட்டேன். உடனே தேத்தண்ணி கேட்டார்.

நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்காரர் எல்லாரும் தொழிற்சங்கத்தில் சேர்ந்த வருஷம் நீ கைக்குழந்தை. அதற்கு முன்பு காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, தோட்டத்தை நடத்துகிற துரை யாராவது ஒருத்தரை மட்டும் ஒபீசுக்கு வரச் சொல்வார், போனவர் வேலையில்லாமல் திரும்புவார். சேர்ந்த பிறகு சங்கத் தலைவர் துணைக்கு வராமல் யாரும் போவதில்லை என்று ஆயிற்று. துரைக்குக் கோபம் வந்ததும் உண்மைதான், அந்த மழைக்காலம் முழுக்க எங்களை உச்சி மலைக்கே கொழுந்தெடுக்க அனுப்பினார், அட்டைக்கடியில் கால் வீங்கிக் கிடந்தோம். அப்பா அந்த அட்டையை ஞாபகம் வைத்திருக்கிறார். அதன்பிறகு எவருக்கும் வேலை போகவில்லை என்பதை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். நாடும் தோட்டமும் ஒன்றா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, அங்கே குண்டு, இங்கே அட்டை.

ஆபத்து, உடனே வந்துவிடு என்று நான் எழுதினால் நீ வந்துவிடுவாய். அப்படி எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா. உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டு வருஷக்கணக்காகிறது. ஆனாலும் பயம் காட்டி உன்னை வரவழைக்க மனம் வரவில்லை. துரை கூப்பிட்டதெல்லாம் தனி ஆளைத்தானே. நீ அங்கே தனி ஆளாக இருப்பதுதான் எனக்குப் பயம். ஷெரோமியையும் சின்னவளையும் கூப்பிட்டுக்கொள். சின்னவள் போன பிறகு இந்த வீடு எப்படியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. அப்பா நேட்டோ நேட்டோ என்று கத்துவதும் அதற்குத்தான், அவள் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

மாதா உங்கள் மூவரையும் ஒரு கூரையின் கீழ் சேர்த்து வைக்கட்டும். ஞாயிறு பூசையை விடாதே, தலையை மூடாமல் வெளியே போகாதே. பயண நாள் முடிவானதும் முதலில் எனக்குச் சொல். அப்பாவிடம் நீ சொல்லிவிடாதே, நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா றோசலின்