சதுர்த்திக்குச் சதுர்த்தி போட்ட ரீசார்ஜ்

வரசித்தி விநாயகர் துணை

பிச்சாட்டூர்
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் கிரண்குமாருக்கு அம்மா எழுதுவது. சாமி புண்ணியத்தில் நானும் உங்க நைனாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் தோகாவில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும் போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். ஏரியில் இந்த வருஷம் தண்ணீர் நிறைய நிற்கிறது, நெல் நடவு முடிந்தது, உங்க நைனாவுக்கு முழங்கால் வலி தேவலை. சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், நீயும் கேட்டிருப்பாய். கடிதம் எழுதுவது வேறு ஒன்றுக்காக. லீவில் வந்த சந்திரன் வியாழக்கிழமை திரும்புகிறான், கவரை ஒட்டி அவன் கையில் கொடுக்கிறேன். தெலுங்கில் படித்த உனக்குத் தமிழ் எழுத்து தடுக்கும், எனக்குத் தெரியும், ஆனால் அவனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. மெதுவாக எழுத்துக் கூட்டி நீயே படி.

நம் வீட்டில் போன் படும் பாடு உனக்குத் தெரியாதது இல்லை. கம்பெனிக்காரன் புது டவர் போட்ட பிறகு இன்னும் மோசம். வீட்டுக்குள் சிக்னலே கிடையாது, வாசலில் ஒரு கோடு வரும், மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் போனால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும். புகார் சொல்லக் கூப்பிட்டால் தெலுங்குக்கு ஒன்று, ஹிந்திக்கு இரண்டு என்று அமுக்கச் சொல்லிக் கால் மணி நேரம் பாட்டுப் போடுகிறார்கள், பிறகு லைன் கட்டாகிறது, சாயங்காலம் உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று மெசேஜ் வருகிறது. நான் கேட்காத காலர் டியூனை வைத்துவிட்டு அதற்கும் காசு பிடித்தார்கள். இப்படித் திட்டித் திட்டியே பழகிவிட்டதால், எது நடந்தாலும் கம்பெனி மேல் போடுவது எனக்குச் சுலபமாகிவிட்டது கண்ணு. இங்கே கரண்ட் ஆபீசில் உனக்கு வர வேண்டியிருந்த லைன்மேன் வேலை விஷயத்திலும் அப்படித்தான் செய்யப் பார்த்தேன்.

அந்த விண்ணப்பத்தில் வெளிநாட்டு நம்பர் ஏற்கவில்லை என்று உன் பழைய நம்பரைத்தான் கொடுத்திருந்தாய். பட்டன் போனில் போட்டு என்னிடம் விட்டுப் போனாய். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தரம் ரீசார்ஜ் போடணும்மா, மறந்துடாத என்று பஸ் ஏறும்போது கூடச் சொன்னாய். நான் மறக்கவில்லை. மறக்கக் கூடாது என்றுதான் சங்கடஹர சதுர்த்தியோடு சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு சதுர்த்திக்கும் காணிப்பாக்கம் விநாயகர் கோயிலுக்குப் போகிறவள், வழியில் சித்தூர் பஸ் ஸ்டாண்டு கடையில் போட்டுவிட்டு, சாமி பாதத்தில் போனை வைத்துக் கும்பிட்டு வருவேன், நோட்டில் தேதி எழுதுவேன். ஒரு சதுர்த்தி கூடத் தவறியதில்லை. பள்ளிக்கூடம் போகாமல் காலண்டரைப் பார்த்தே எழுத்துக் கற்றவள் நான். காலண்டரில் சிவப்பில் போட்ட நாள் தப்பாகாது என்று இருந்துவிட்டேன்.

ஐப்பசியில், பட்டியலில் உன் பெயருக்கு அடுத்து இருந்த ஹரிபாபுவுக்கு வேலை வந்ததும், அவன் பணம் கொடுத்து வாங்கிவிட்டான் என்று நீ சொன்னாய். நானும் அப்படித்தான் நம்பினேன். கார்த்திகையில் ஒரு நாள் ரேஷன் கடையில் ஹரிபாபுவின் அம்மா வரலட்சுமி என் கையைப் பிடித்து நிறுத்தி, ஆபீசிலிருந்து முதலில் உன் நம்பருக்குத்தான் ஒரு நாள் பூரா அடித்தார்களாம், சுவிட்ச் ஆஃப் என்றே வந்ததாம், சம்மதம் சொல்ல ஆள் கிடைக்காததால் அடுத்த பெயருக்குப் போனார்களாம், ஹரியே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னான் என்றாள். கம்பெனிக்காரன்தான் என் பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துவிட்டான் என்று மறுநாளே நோட்டை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனேன். அங்கே அவர்கள் ஷோரூமில் கல்பனா என்று ஒரு பெண். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன், க்யூவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கோபப்படவில்லை. நோட்டை வாங்கி, தன் மேஜைக் காலண்டரில் ஒவ்வொரு தேதியாக விரல் வைத்து எண்ணினாள். சதுர்த்திக்கும் சதுர்த்திக்கும் நடுவில் இருபத்தொன்பது நாள், முப்பது நாள்.

"பிளானு இருபத்தெட்டு நாளும்மா. நீங்க முப்பதாவது நாளு போட்டுக்கினு வரீங்க. மாசா மாசம் ஒரு நாளு, ரெண்டு நாளு இந்த நம்பரு செத்துதான் கெடந்துது" என்றாள்.

முன்பெல்லாம் பிளான் முடிந்தாலும் ஒரு வாரம் வரை போன் வருமே, அதை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். மெசேஜ் அனுப்பினோம் என்றாள். இங்கிலீஷில் வந்திருக்கும், எனக்கு என்ன தெரியும். ஆனால் அதைச் சொல்லி நான் தப்பிக்கக் கூடாது. ஆபீஸ்காரர் அடித்தது சதுர்த்திக்கு முந்தின நாள். மறுநாள் காலையில் நான் ரீசார்ஜ் போட்டபோது உன் இடத்துக்கு ஹரிபாபு சம்மதம் சொல்லியாகிவிட்டது. அரிசி, பால், பூக்காரிக்குக் கொடுத்தது வரை எழுதி வைக்கிறவள், நீ சொன்ன இருபத்தெட்டை எண்ணவில்லை.

அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் துணிந்து இரண்டு தடவை ஆரம்பித்தேன், இரண்டு தடவையும் லைன் கட்டானது, சாமியே வேண்டாம் என்கிறார் போல என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாவது தடவை லைன் நன்றாகத்தான் இருந்தது கிரணு. நீ மூச்சு விடுவது கூடக் கேட்டது. நான்தான் கட் பண்ணினேன். பிறகு நீ அடித்தபோது சிக்னல் இல்லை என்றேன். ஹரிபாபு கல்யாணத்துக்குப் போகாதே என்று நீ சொன்னதற்கு, காலில் சுளுக்கு என்று வரலட்சுமிக்குச் சொல்லி வீட்டில் உட்கார்ந்துகொண்டேன். சின்னதில் இந்த வீட்டில் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் கல்யாணம் அது.

இதோடு நின்றிருந்தால் இன்னும் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ தெரியாது. உங்கள் கூட்டாளிகள் குரூப்பில் நீ, காசு குடுக்கலன்னா காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணட்டும் என்று போட்டாயாம். போன சதுர்த்தி அன்று நான் கோயிலுக்குப் போனால், சத்தியம் செய்ய வருகிறவர்கள் போலவே குளத்தில் முழுகி ஈரத் துணியோடு ஹரிபாபு படியேறி வருகிறான். என்னைப் பார்த்ததும் கால் சுளுக்கு எப்படிம்மா இருக்குது, பஸ்ல ஒக்கார எடம் கெடச்சிதா என்று கேட்டான். அந்தச் சன்னதியில் பொய்ச் சத்தியம் செய்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லி வளர்த்தவள் நான். அங்கேயே அவனை ஓரமாக நிறுத்தி எல்லாம் சொன்னேன். நம்பர் செத்துக் கிடந்தது என்னால், எனக்கு இரண்டு மாசமாகத் தெரியும், கிரணுக்குச் சொல்லவில்லை, நீ சத்தியம் பண்ண வேண்டாம் என்றேன். அவன் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. திட்டுவான் என்று பார்த்தேன்.

"இது தெரிஞ்சா அவன் ஒங்க கிட்ட பேசமாட்டாம்மா. நான் சத்தியம் பண்ணிட்டா பேச்சு முடிஞ்சிடும், ஒங்க பேரு வராது. சொல்லாதீங்க" என்றான்.

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். பூசாரி முன்னால் கற்பூரத்தில் கை வைத்து, யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தான். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய் அவன் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. என் பெயர் வராது என்று அவன் சொன்னது அந்த நிமிஷம் எனக்கு இதமாக இருந்தது, அதுதான் இப்போது தாங்க முடியவில்லை. அன்று அர்ச்சனை செய்யாமலே வந்துவிட்டேன்.

ஆகையால் எழுதிவிட்டேன். உங்க நைனாவுக்கு இன்னும் தெரியாது, இந்தக் கடிதத்தை ஒட்டியதும் சொல்லிவிடுவேன். போன வேலையை என்னால் திருப்பித் தர முடியாது. இன்னும் எத்தனை வருஷம் நீ அந்த வெயிலில் இருக்க வேண்டுமோ, அத்தனைக்கும் நான்தான் காரணம் என்று தெரிந்தே எழுதுகிறேன். கோபப்படு, அது நியாயந்தான். ஆனால் குரூப்பில் எல்லாரும் பார்க்க நீ எழுதியதை, எல்லாரும் பார்க்கவே திருப்பி எழுது. அம்மா தப்பு என்றே போடு, எனக்கு வெட்கமில்லை.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே, தண்ணீர் நிறையக் குடி. அந்த விநாயகர் உனக்கு ஆயுசும் நல்ல புத்தியும் நல்ல வேலையும் கொடுக்கட்டும், உன்னைச் சீக்கிரம் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மறக்காமல் ஒன்று செய். இதைப் படித்து முடித்ததும் ஹரிபாபுவுக்குப் போன் அடி. அவனிடம் பேசிய பிறகு எனக்குப் பேச மனசு வந்தால் பேசு, வராவிட்டால் காத்திருக்கிறேன். அவனிடம் பேசாமல் என்னிடம் மட்டும் பேசிவிடாதே கண்ணு.

உன் நல்லதையே நினைக்கும்
அம்மா
து. கங்கம்மா