குளியலறைப் பலகையில் நாலு பாட்டில்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
14-2-1971

அன்பு மகள் அம்சவேணிக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் உமாபதியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். பிலாயில் இந்த வருஷம் குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய், பிள்ளையைக் காதை மூடாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, அதனால்தான் வழக்கமில்லாமல் நானே பேனாவைப் பிடித்திருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அம்மா ஏன் இப்போதெல்லாம் பக்கத்து வீட்டு சித்தாராவைக் கொண்டு எழுதுகிறாள், கைவலியா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். கைவலி இல்லை கண்ணு. அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. முழு இருட்டு இல்லை, எதிரில் ஆள் நிற்பது நிழல் மாதிரித் தெரிகிறதாம், முகம் தெரியாது, நிறம் தெரியாது. ஆடி மாசத்திலிருந்தே இப்படி. சித்தாராவிடம் மட்டும் சொல்லி, வேறு யாருக்கும் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஒரே வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியவில்லை. நான் சாயம் தோய்த்த பட்டை வெயிலில் பிடித்து அவளிடம் காட்டாமல் ஒரு நாளும் உலர்த்தியதில்லை, நீ பார்த்திருக்கிறாய். அரக்கு கருத்துப் போச்சு, மாம்பழக் கலரில் பச்சை ஏறிவிட்டது என்று அவள்தான் சொல்லுவாள். நாலு மாசமாக எதைக் காட்டினாலும் "நல்லா இருக்குதுங்க" என்றாள். என் கை தேறிவிட்டது என்று நான் மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது. பட்டில் பசை எடுக்க வைத்திருக்கும் சோடாத் தூள் பொட்டலத்தை நான் குளியலறை மாடத்தில் பயத்தம் மாவுப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். நீல நூல் கட்டியது சோடா, வெள்ளை நூல் கட்டியது மாவு. அவளுக்கு அன்று ஜலதோஷம், வாசனையும் பிடிபடவில்லை. சோடாவை அள்ளிக் கழுத்திலும் தோளிலும் தேய்த்துவிட்டாள். "எரியுதுங்க, தண்ணி ஊத்துங்க" என்று அவள் கத்தினதைக் கேட்டு ஓடிப்போய்க் குடம் குடமாக ஊற்றினேன். தோல் சிவந்து கன்றிவிட்டது. பதற்றத்தில் எனக்குக் கோபம் வந்து, நீல நூல் கட்டினது சோடா என்று உனக்குத் தெரியாதா, கண் என்ன பொடனியிலா இருக்கிறது என்று கத்திவிட்டேன். அவள் ஈரப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, "நீலம் தெரியலைங்க. எதுவும் தெரியலைங்க" என்றாள். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை அழைத்துப் போனேன். போன பார்வை வராதாம், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத் தினம் இரண்டு வேளை மருந்து விட வேண்டுமாம். திரும்பி வந்தபின் அம்மா தனியாகக் குளிக்கப் போகவே பயந்தாள். எதை எடுத்தாலும் என்னைக் கூப்பிட வேண்டும், கூப்பிடவும் அவளுக்கு மனசில்லை. எத்தனையோ நாள் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமலே இருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தவள், முடி சிக்குப் பிடித்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் பின்கட்டில் சாயத் தொட்டியிடம் இருப்பேன், அவள் கூடத்தில் இருப்பாள், நடுவில் பேச்சே கிடையாது. நடுநடுவே "இருக்கீங்களா" என்று ஒரு குரல் வரும். இருக்கிறேன் என்பேன். அவ்வளவுதான் இந்த வீட்டில் பேச்சு. பட்டைத் தூக்கிப் பிடித்துவிட்டுக் காட்ட ஆளில்லாமல் நானே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்புறம்தான் எனக்குப் பாட்டில் யோசனை வந்தது. பொட்டலம் எல்லாம் ஈரத்தில் ஒரே மாதிரி ஊறிப்போகிறது, கண்ணாடி பாட்டில் என்றால் மூடி இருக்கும், ஈரம் உள்ளே போகாது. பரணிலிருந்த நாலு ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கிக் கழுவி, கழுத்தில் பட்டு நூல் சுற்றினேன். சீயக்காய்க்கு ஒரு சுற்று, பயத்தம் மாவுக்கு இரண்டு, மஞ்சளுக்கு மூன்று, பல்பொடிக்கு நாலு, தடவிப் பார்த்தே எடுக்கட்டும் என்று. முதல் நாளே தோற்றுப்போனேன். ஈரக்கை பட்டதும் நூல் வழுக்கி ஒன்றாகச் சேர்ந்துவிட்டது, அம்மா பல்பொடியைத் தலையில் தேய்த்துக்கொண்டு வந்தாள். நான் பயந்துகொண்டே பார்க்கிறேன், அவள் சிரிக்கிறாள். ஆடிக்கப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள். "நூலெல்லாம் எதுக்குங்க, பாட்டிலே ஒண்ணுக்கொண்ணு வேற உருவமா இருந்தா போதாதா" என்றாள். எனக்குத் தோன்றவில்லை பார்.

விஷயம் கேட்டு சித்தாரா அவள் வீட்டுக்காரர் அப்துல் சத்தாரின் கடையிலிருந்து ஊறுகாய் வந்த சதுர பாட்டில் ஒன்றும், வரிவரியாக மேடு வைத்த பெப்பர்மிண்ட் பாட்டில் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தாள். சதுரத்தில் சீயக்காய், வரி வைத்ததில் பயத்தம் மாவு, உயரமான ஹார்லிக்ஸ் பாட்டிலில் மஞ்சள், உன் அலமாரியில் கிடந்த குட்டை உருண்டை பாட்டிலில் பல்பொடி. பாட்டில் தவறி விழாமல் முன்பக்கம் ரீப்பர் கட்டை அடித்துச் சுவரில் ஒரு பலகை போட்டேன். சோடாவை வீட்டுக்குள்ளேயே வைப்பதில்லை. எல்லாம் முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அவள் நாலையும் தடவிவிட்டு, "பாக்க அழகா இருக்குதா?" என்று கேட்டாள். ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. பல்பொடி ரோஸ், சீயக்காய் மரக்கலர் என்றேன். "மரம்னா எந்த மரம்? ஆயிரம் மரம் இருக்குதே" என்றாள். முப்பத்தெட்டு வருஷம் எனக்கு நிறம் சொன்னவள், அவளுக்குத் திருப்பிச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. நனைந்த தென்னம்மட்டை மாதிரி என்று கடைசியில் சொன்னேன். "ம், தெரியுது" என்றாள். மறுநாள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தானே தலைக்குக் குளித்து வந்தாள். ஆனால் தலையை உலர்த்தும்போது, "அம்சா இருந்தா சிக்கு எடுத்து விடுவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என் காதில் விழுந்தது அவளுக்குத் தெரியாது.

உனக்கு எழுதக்கூடாது, பொண்ணு அங்கே அழுதுக்கினு இருக்கும் என்று சொல்லியிருந்தாள். இப்போது நான் எழுதும் சத்தம் கேட்டு யாருக்கு என்று கேட்டாள். நூல் கடைக்கு என்றேன். "நூல் கடைக்கு இம்மா நேரமா எழுதுவாங்க? பெரிய லீவுல வரச் சொல்லுங்க, அழக்கூடாதுன்னும் எழுதுங்க" என்றாள். அதனால் எழுதிவிட்டேன். மாப்பிள்ளையிடம் சொல்லி முன்கூட்டியே டிக்கெட் வாங்கிக்கொள்.

எல்லோரும் நூறு வயசு நோய்நொடியில்லாமல் வாழ வேண்டும், பேரனுக்கு என் முத்தம். ஒன்று மட்டும் மறக்காதே. வந்து இறங்கினதும் நீ எப்போதும் செய்வது போல வாசலில் அம்மாவைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்காதே, யாரோ நிழல் என்று நினைத்துக்கொள்வாள். தெருமுனையிலிருந்தே அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் வரவுக்காகக் காத்திருக்கும் அப்பா,
கோதண்டபாணி