இரண்டணாவில் விழாத எழுத்து

மயிலாப்பூர்
14-2-1945

ஷகீலாவின் அத்தா அவர்களுக்கு, அஸ்மத்துன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. நானும் உங்கள் மகளும் இருக்கிறோம். நீங்கள் பம்பாய் போய் ஐந்து மாதம் ஆகிறது. இது என் நாலாவது கடிதம்.

ஷகீலாவுக்கு இருமல் நின்றுவிட்டது. என் தையல் மெஷினை விற்றுத்தானே உங்களுக்கு ரயில் டிக்கெட் எடுத்தோம்? இப்போது சட்டைகளுக்குக் கையால் காஜா எடுத்துக் கொடுக்கிறேன். கண் எரிகிறது.

உங்கள் இரண்டணாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதில் உருது எழுத்து விழவேயில்லை, நாணயசாலையின் தவறு, பம்பாயில் காசு சேகரிக்கும் துரைமார் அள்ளிக் கொடுப்பார்கள் என்று சொல்லித்தான் அதை எடுத்துக்கொண்டு போனீர்கள். போன மாதம் சாந்தோம் மீன்காரி மீதிச் சில்லறை கொடுத்தாள். அதிலிருந்த இரண்டணாவிலும் அதே எழுத்து இல்லை. “இன்னாம்மா அப்படிப் பாக்குற? செல்லாத காசா கீது?” என்றாள். அன்றிலிருந்து கைக்கு வரும் இரண்டணாவையெல்லாம் பார்த்தேன். ஒன்றில் எழுத்து முழுசாக, ஒன்றில் மங்கலாக, இன்னொன்றில் வால் மட்டும். எல்லாம் ஒரே வருஷத்துக் காசு.

நாலையும் எடுத்துக்கொண்டு, தியாகராய நகரில் நகைக்கடை வைத்திருக்கும் உங்கள் சிநேகிதர் தனபாலன் அண்ணனிடம் போனேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “இது தப்பா அடிச்ச காசு இல்லம்மா. அடிக்க அடிக்க அச்சு தேஞ்சு, எழுத்து மங்கிக்கிட்டே போகும். இந்த மாதிரி ஆயிரக்கணக்குல வந்திருக்கும்” என்றார். அடி லேசாக விழுந்தாலும் மேடான இடம் இப்படித்தான் மொழுக்கையாகிவிடுமாம். ஓட்டைக் காலணா ஓட்டையே இல்லாமல் வந்தால், அதுதான் நிஜத் தவறாம்.

பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “இதையேதான் உங்க வீட்டுக்காரர் இனாயத்துகிட்டயும் சொன்னேன். ரயிலேறுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி.”

நாலு காசையும் எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

தெரிந்தேதான் போயிருக்கிறீர்கள். தெரிந்தேதான், மெஷினைத் தூக்கிக்கொண்டு போக வந்தவர்களுக்கு நீங்களே ஒரு கை பிடித்தீர்கள். பாவம், ஏமாந்துபோய் வெட்கப்பட்டு எழுதாமல் இருக்கிறார் என்று இத்தனை மாதம் உங்களுக்காக அழுதேனே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அங்கே யார் இருக்கிறார்கள், இங்கே உங்களுக்கு எது பிடிக்காமல் போனது என்று கேட்க மாட்டேன்.

அல்லாஹ் உங்களை நோய்நொடியில்லாமல் வைக்கட்டும். வருவதானால் வாருங்கள், கதவைத் திறப்பேன். வருவதில்லை என்றால் அதைக் கார்டில் எழுதாதீர்கள். உறையில் போட்டு ஒட்டி அனுப்புங்கள். பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது.

இப்படிக்கு,
அஸ்மத்துன்னிசா