கழுவவிடாத பாதம்

மார்ச் 4, செவ்வாய்

விடுதிச் சமையலறையில் சட்டிகளைத் தேய்த்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. சின்னப் பாத்திரத்துக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். அடிப்பிடித்த அண்டாவுக்கு விசுவாசப் பிரமாணம் முழுவதும். இன்று விசுவாசத்துக்குக் குறைவில்லை.

நாளை சாம்பல் புதன். தவக்காலத்துக்கு எதை விடப்போகிறீர்கள் என்று இவரைக் கேட்டேன். "உன்கிட்ட வாய் கொடுக்கறதை" என்றார்.

மார்ச் 11

மருந்து கட்டும் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். இவருடைய வலது உள்ளங்காலில் இருக்கும் சர்க்கரைப் புண் ஆழமாகிக்கொண்டே போகிறதாம். "வீட்ல அவரே கண்ணாடி வெச்சுப் பாத்துக் கட்டிக்கறாரு. சரியா சுத்தம் ஆகல. நீங்க தினம் கழுவிக் கட்டணும்மா. இப்படியே விட்டா விரலை எடுக்கணும், அப்புறம் பாதத்தையே எடுக்கணும்."

வீட்டுக்கு வந்து கேட்டால், "எனக்குத் தெரியாத வேலையா?" என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். முகச்சவரக் கண்ணாடியும் உள்ளே போய்விட்டது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் ஒரு உள்ளங்காலைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை!

மார்ச் 19

சாப்பாடு கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இவர் அங்கே வார்டு உதவியாளர். படுக்கையை நனைத்துவிட்ட ஒரு பெரியவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிழவர் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இவரோ, "நேத்து மேட்ச் பாத்தீங்களா? கடைசி ஓவர்ல கெடுத்துட்டானுங்க" என்று பேசிக்கொண்டே போர்வைக்கு உள்ளேயே எல்லாம் முடித்துவிட்டார். ஒரு அங்குலம் உடம்பு வெளியே தெரியவில்லை. கிழவர் கண்ணைத் திறந்து கிரிக்கெட் வாரியத்தைத் திட்ட ஆரம்பித்தார்.

ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தேன். பீடத்தில் ஃபாதர் பாத்திரங்களைத் துடைக்கும்போது வரும் அமைதி அங்கே இருந்தது. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். கூடவே நாலு திட்டும் திட்டினேன் — இவரை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பெரிய வியாழனன்று ஃபாதர் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காரச் சொல்லி கோவில் உபதேசியார் இவரைக் கேட்டார். "டியூட்டி இருக்கே" என்று கூசாமல் பொய் சொல்கிறார்! கையில் குருத்தோலை வேறு.

ஏப்ரல் 16

புண்ணில் வாடை வருகிறது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கலாமா என்று டாக்டர் கேட்டாராம். ஏன்யா இப்படிப் பண்றே? என்னைப் பார்த்தால் மனுஷியாத் தெரியலையா?

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

விடுதியிலிருந்து நேராகக் கோவிலுக்கு ஓடினேன். இவர் கடைசி வரிசையில் இருந்தார். எனக்காகக் காத்திருந்ததுபோல உபதேசியார் வந்து, "உங்க வீட்டுக்காரர் சேர் காலியாவே இருக்கு. நீங்க வந்து உக்காருங்கம்மா" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மற்ற பதினொரு பேரும் கல்லால் தேய்த்து, சோப்புப் போட்டு, மினுமினுவென்று வந்திருந்தார்கள். வருஷா வருஷம், ஏற்கெனவே கழுவிய பாதங்களைத்தான் கழுவுகிறோம். என் கால்களோ நாள் முழுக்க ஈரத் தரையில் நின்றவை. குதிகால் முழுக்க வெடிப்பு, வெடிப்பு முழுக்கக் கரி.

ஃபாதர் முன்னால் மண்டியிட்டார். நான் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"வேணாம் ஃபாதர். ரொம்ப அசிங்கமா இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு முட்டி வலிக்குதும்மா. சீக்கிரம் நீட்டுங்க."

நீட்டினேன். வெதுவெதுப்பான தண்ணீர். அவசரப்படாமல் வெடிப்புகளை விரலால் தடவிக் கழுவினார். ஆண்டவர் காலைக் கழுவ வந்தபோது பேதுரு ஏன் முதலில் முரண்டு பிடித்தார் என்று இன்றுதான் புரிந்தது. ஆண்டவரின் காலைக் கழுவு என்றிருந்தால் பாய்ந்து போயிருப்பார். தன் காலைக் காட்டுவதுதான் கஷ்டம்.

வீடு திரும்பும்போது இவரிடம் சொன்னேன்: "மானம் போற மாதிரி இருந்துச்சுங்க. உங்களுக்கும் இப்படித்தானா?"

செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் துடைச்சுவிடறவங்க கண்ணைத் தினமும் பாக்கறேன். அந்தக் கண்ணோட உன்னை நிமிர்ந்து பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

ஒரு மாதமாகத் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவையை முத்தி செய்ய வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் இவர். குனிந்து ஆண்டவரின் பாதங்களில் முத்தமிட்டவர் சீக்கிரம் எழவில்லை.

ஏப்ரல் 19, பெரிய சனி

இன்று பகல் முழுக்கப் பூசை இல்லை, மணி இல்லை, பீடத்தில் துணிகூட இல்லை. எதுவும் நடக்காத நாள் என்று நினைத்திருந்தேன்.

காலையில் குளியலறைக் கதவு திறந்திருந்தது. "இங்க வா" என்றார். முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கட்டைப் பிரித்தேன். ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய குழி. எனக்குத் தலை சுற்றியது, உண்மையைச் சொன்னால் என்ன? "பஞ்சை நடுவுல வெச்சு வெளிப்பக்கமா கொண்டு போ. அதே பஞ்சைத் திரும்ப உள்ள கொண்டு வராதே" என்று சொல்லிக்கொடுத்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "கடைசி ஓவர்ல என்னதாங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

சுவரை விட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்து, பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

அல்லேலூயா!

மே 6

குழியின் அடியில் சிவப்பாகப் புதுச் சதை. இதைப் பார்த்து ஒருத்தி சந்தோஷப்படுவாளா? பட்டேன். அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்கிறார் டாக்டர்.

ஜூன் 10, செவ்வாய்

காலைப் பூசையில் ஃபாதர் மறுபடி பச்சை உடையில் வந்தார். விழாக்கள் ஓய்ந்து பொதுக்காலம் தொடங்கிவிட்டது. எனக்கு இந்தப் பச்சைதான் பிடித்த நிறம். அண்டாக்களுக்கும் ஆஸ்பத்திரி வாளிகளுக்கும் உரிய காலம்.

நோட்டை நாற்காலிக் கையில் சாய்த்து வைத்துக் கோணல்மாணலாக எழுதுகிறேன். மடியில் இவர் பாதம் இருக்கிறது, இடமில்லை. கட்டி முடிப்பதற்குள் இவர் தூங்கிவிட்டார், குறட்டை வேறு. என் கால் மரத்துப்போகிறது. அசைந்தால் விழித்துக்கொள்வார்.

தூங்கட்டும்.