கஞ்சியில் கரைத்த மாத்திரை

விருதுநகர்,
திங்கட்கிழமை.

மணிகண்டராஜுக்கு,

என் உடம்புக்குள் டாக்டர்கள் விட்ட கிருமிகளை நீ கொன்றுவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னையிலிருந்து போனில் நீ மாத்திரையின் பெயரைச் சொல்ல, உன் அம்மா அதை வாங்கி, மூன்று நாள் கஞ்சியில் கரைத்துக் கொடுத்திருக்கிறாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் சிவகாசி அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் மருந்துப்பெட்டி அட்டைகளுக்குப் பிழை திருத்தியவன். பொடி எழுத்தைப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. சென்னை ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் தெளிவாக இருக்கிறது: மாற்றியமைத்த இந்தக் கிருமி புற்றுக்கட்டிக்குள் குடியேறி அங்கேயே மருந்தைச் சுரக்கும்; முதல் வாரம் காய்ச்சல் வரும்; அவர்கள் சொல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி செத்துவிடும். அதில் நீயும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

காய்ச்சல் சட்டென்று இறங்கியதும் எனக்குச் சந்தேகம் வந்தது. குப்பைக்கூடையில் காலி மாத்திரை அட்டை கிடந்தது. கேட்டதற்கு உன் அம்மா, "உடம்பு நெருப்பாக் கொதிக்கு, நீக தாளைப் படிச்சுக்கிட்டு இருக்கீக. நான் எம்புட்டுப் பொறுக்க?" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. உனக்குத் தெரியும்.

நர்ஸ் விசாரித்தபோது வேறு மருந்தே தரவில்லை என்று சொல்லியிருக்கிறாய். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அப்பாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று நீ முந்திக்கொண்டுவிட்டாய். என் பேச்சு எடுபடவில்லை. அதன்பின் என் போனையும் நீ எடுப்பதில்லை.

இதே சோதனையில் எனக்கு அடுத்து இருக்கும் ஆமத்தூர் பாலம்மாளுக்கு வெள்ளிக்கிழமை ஊசி. எனக்குப் போட்டதை நான் தாங்கினேனா என்று பார்த்துத்தான் அடுத்தவருக்கு அளவைக் கூட்டுவார்கள். என் காய்ச்சல் தானாக இறங்கியதாக நம்பி அவளுக்குக் கூட்டப்போகிறார்கள். "அண்ணாச்சி, நீகளே தாங்கிட்டீக, எனக்கென்ன?" என்று சிரித்தவள் அவள்.

மாத்திரை அட்டையை இதற்குள் வைத்துக் கூரியரில் அனுப்புகிறேன். புதன்கிழமை அதை எடுத்துக்கொண்டு நீ டாக்டரை நேரில் பார்க்க வேண்டும். எந்தெந்த நாள், எத்தனை மாத்திரை என்று எழுதிக் கையெழுத்துப் போடு. பாலம்மாளுக்கு ஊசி போடுமுன் டாக்டர் அதைப் படிக்க வேண்டும். சோதனையிலிருந்து என்னை நீக்கினால் நீக்கட்டும். நீ கெஞ்சக் கூடாது.

அம்மாவை ஏசாதே. நான் ஏசியதே அதிகம். இப்போது ஒவ்வொரு வேளையும் என் எதிரே ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் கஞ்சியை நீட்டுகிறாள். அது வேண்டாமென்று நீ அவளிடம் சொல். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அப்பா,
நல்லசிவம்.