அப்பா கோட்டுப் பையில என் கட்டுரை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே மழை. காலுறை ஈரம். இங்கிலீஷ் கட்டுரை திரும்பி வந்துச்சு. A. என் வாழ்க்கையில முதல் தடவை. டீச்சர் அடுத்த வேலையும் குடுத்துட்டாங்க. பழைய கட்டுரை ஒண்ணு, புதுசு ஒண்ணு பக்கத்துல வச்சு, எழுத்துல எப்படி வளர்ந்தேன்னு ஒரு பக்கம். வெள்ளிக்கிழமைக்குள்ள.

என் வளர்ச்சி:
ஃபார்ம் ஒன், பதிமூணு வயசு – எங்க பூனை கிச்சாப்ப சாகடிச்சேன். C.
ஃபார்ம் த்ரீ – பக்கத்து வீட்டு அங்கிள், மாரடைப்பு. B.
ஃபார்ம் ஃபைவ் – அப்பா. A.

எங்க கிளாஸ்ல எல்லாரும் யாரையாவது சாகடிச்சுதான் மார்க் வாங்குறோம். "மறக்க முடியாத நாள்"னா வேற என்ன எழுதுறதாம்? கிச்சாப் இன்னும் சோபாவுல தூங்குது. அங்கிள் பாட்டு போட்டு கார் கழுவுறாரு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வித்தியாசம் புரிஞ்சுது. பூனைக்கு நான் நிறம்கூட எழுதல. அப்பாவுக்கு எல்லாம் வச்சிருக்கேன். விடியக்காலை மழை, சிங்கப்பூர்ல அப்பா வேலைக்கு துவாஸ் போற ரோடு, மோட்டார் சைக்கிள், மஞ்சள் மழைக்கோட்டு, வண்டியோட உடைஞ்ச இடது கண்ணாடி, வெள்ளை லோரி. கோட்டும் கண்ணாடியும் சும்மா அடிச்சு விட்டது. நிஜக் கோட்டு நீலம்.

சாயங்காலம் அம்மா பெக்கான் நானாஸ் டவுன்லேர்ந்து வந்தாங்க. அப்பாவுக்குப் புது மழைக்கோட்டு. மஞ்சள்.
"பழசு கிழிஞ்சிருச்சு. இந்தக் கலர்தான் இருந்துச்சு லா."
சாப்பாடு இறங்கல.

ஆகஸ்ட் 6, புதன்

சிங்கப்பூர்ல மோட்டார நிறுத்தின இடத்துல எவனோ இடிச்சுட்டானாம். இடது கண்ணாடி போச்சு. "சனிக்கிழமை மாத்திக்கலாம்"னு அப்பா சிரிக்கிறாரு. எல்லாரும் தூங்கினப்புறம் கட்டுரையக் கிழிச்சிடலாம்னு ஃபைலத் திறந்தேன். காணோம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

எந்திரிக்கும்போதே மழை. அப்பா நாலரைக்கே கிளம்பிட்டாரு. கட்டுரை எங்கன்னு அம்மாகிட்ட கேட்டேன்.
"அப்பாதான் எடுத்துட்டுப் போனாரு. கூட வேலை செய்ற காசிம்கிட்ட காட்டணுமாம். பிளாஸ்டிக்ல சுத்தி கோட்டுப் பையில வச்சிருக்காரு."
அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. A மட்டும் தெரியும். என்ன எழுதியிருக்குன்னு தெரியாம நெஞ்சுல வச்சுக்கிட்டுப் போறாரு. போன் அடிச்சேன், எடுக்கல.

ஸ்கூல்ல ஒண்ணும் மண்டையில ஏறல. கிளாஸ் வாசல்ல நிழல் விழுந்தாலே யாரோ சேதி சொல்ல வர்றாங்கன்னு திரும்பிப் பார்த்தேன்.

ராத்திரி ஏழரைக்கு அப்பா வந்தாரு. முட்டியில கட்டு, கோட்டு கிழிசல். காலையிலேயே சறுக்கி விழுந்தாராம். ஒரு லோரி தலைகிட்ட உரசிட்டுப் போச்சாம். அப்படியே வேலைக்கும் போயிருக்காரு. கட்டுரைய எடுத்து மேசையில வச்சாரு.
"காசிம் படிச்சுச் சொன்னான்."
நான் பிளாஸ்டிக்கப் பிரிச்சேன்.
"நல்லாத்தான் எழுதிருக்க. ஆனா லோரி வெள்ளை இல்லம்மா. நீலம்."

ரூமுக்கு வந்ததும் கை தானா பேனாவ எடுத்துருச்சு, வெள்ளைய அடிச்சு நீலம்னு மாத்த. அப்புறம்தான் உறைச்சுது. அந்த ஒரு தப்பு இருக்கப்போய்தான் தப்பிச்சாரோ என்னமோ. சுக்குநூறா கிழிச்சுட்டேன்.

ஆனா நாளைக்கு டீச்சர்கிட்ட குடுக்க ஏதாச்சும் வேணுமே. பூனைக் கட்டுரையத் திருப்பி எழுதினேன். கறுப்பு உடம்பு, கிழிஞ்ச வலது காது, பின்பக்க வாய்க்கால், வெள்ளிக்கிழமை காலை. எல்லாம் வச்சு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை இல்ல. அப்பா லீவு, தூங்குறாரு. அம்மா பின்பக்கம் நின்னு கிச்சாப்ப கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நான் வாய்க்கால் பக்கம் போய்த் தேடல. எழுதும்போதே எனக்குத் தெரியும்.