நான்காம் சேனல்

மார்ச் 3
மாடியில் என் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு குழந்தையை உட்கார வைத்திருந்தேன். கேமராவை இன்னும் தொடவேயில்லை, ஜன்னலோரத்து பிளாஷ் தானாக அடித்தது. குழந்தை சிரித்தது. 

தூரத்திலிருந்தே பிளாஷை அடிக்க வைக்கும் ரேடியோ ட்ரிக்கருக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. அதே சேனலில் யாரோ பக்கத்தில் அழுத்துகிறார்கள். எட்டிப் பார்த்தேன். எதிர் பஸ் நிறுத்தத்தில் என் கணவன். கையில் ட்ரிக்கர். கை வேறு ஆட்டினான்.

ஆறு வருடம் இருவரும் நான்காம் சேனலில்தான் படமெடுத்தோம். வீட்டை விட்டு வந்தவளுக்கு அந்த எண்ணை மாற்றத் தோன்றவில்லையே, புத்தி எங்கே போனது? குழந்தையின் அம்மாவிடம் இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 4
காலையில் பிளாஷை ஒன்பதாம் சேனலுக்கு மாற்றினேன். சாயங்காலம் மேலேயே வந்துவிட்டான். "லைட் ஏன்டி எரியல?" கேட்டுக்கொண்டே லைட் ஸ்டாண்டை எடுத்துத் தோளில் ஒன்று, விலாவில் ஒன்று. போகும்போது சொன்னான்: "நாலுலயே வை. நான் வந்தா உனக்குத் தெரியணும்."

மார்ச் 5
போலீஸ் ஸ்டேஷன். "யாரு பாத்தாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். காயத்தைக் காட்டினேன். "படியில விழுந்தாலும் இப்படித்தாம்மா இருக்கும்."
அண்ணனுக்குப் போன் செய்தேன். கொஞ்சம் அனுசரிச்சுப் போ என்றான். உன் விலா எலும்பைக் கொடு, அனுசரிக்கிறேன் என்றேன். வைத்துவிட்டான்.

மார்ச் 6
நாலிலேயே வைத்தேன். கோழை.

மார்ச் 9
இன்று பல் உடைந்தது. அடிக்கு நடுநடுவே பட்டனை அழுத்துகிறான். வெளிச்சத்தில் நான் மிரளுவதைப் பார்க்க அவனுக்கு அவ்வளவு ஆசை. பாவி. நாசமாப் போவான்.

பின்னால் தொங்கும் வெள்ளைத் துணியில் ரத்தம். தேய்த்துக் கழுவும்போதுதான் தோன்றியது— அவன் அழுத்தினால் என் பிளாஷ் அடிக்கிறது. பிளாஷுக்குப் பதில் கேமராவை மாட்டினால்?

மார்ச் 10
அவன் அழுத்துவதை வாங்கும் நான்காம் சேனல் ரிசீவர் ஒன்றைப் பழைய கேமராவோடு கேபிளில் இணைத்து, ஆல்பப் பெட்டிகளுக்கு நடுவே ஒளித்து வைத்தேன். முதல் படம் முழுக்கக் கறுப்பு. ஷட்டர் திறப்பதற்குள் பிளாஷ் முந்திக்கொண்டது. பிளாஷை ஒன்பதாம் சேனலுக்கு மாற்றி, அதே சேனலில் என் ட்ரிக்கரை அந்தக் கேமராவின் மேல் மாட்டினேன். இனி அவன் அழுத்தினால் கேமரா திறக்கும், அதன் பிறகே வெளிச்சம்.

சோதித்துப் பார்க்கக் கீழே மருந்துக்கடை அக்கா வந்து, அவனைப் போல, ஸ்டாண்டுக்குப் பதில் குடையை ஓங்கி நின்றார். "மூஞ்சி நல்லா விழுதாடி?" சிரித்தேன். உதடு கிழிந்தது.

ஃபோகஸ் விழும் இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். கேமராவைக் கண்டுபிடித்தால் கொன்றே விடுவான்.

மார்ச் 13
இடது கையால் எழுதுகிறேன்.
நேற்று காலை பதினொரு மணி. படியிலிருந்தே அழுத்தினான். கதவை உதைத்துத் திறந்தான். பின்வாசல் வழியாக ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கோட்டில் போய் நின்றேன். அங்கே நின்றால்தான் அவன் முகம் தெளிவாக விழும். முதல் அடி தலையில். அப்புறம் கை— எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவளை மிதித்தான். மிதிக்க மிதிக்க அழுத்தினான், வெளிச்சம், வெளிச்சம். காலைக் கடித்தேன், பற்கள் இறங்கும்வரை கடித்தேன். எனக்கா இவ்வளவு வெறி? அக்கா நாலு பேரோடு மேலே வந்ததும் நொண்டிக்கொண்டே ஓடினான்.

மார்ச் 15
பதினேழு படங்கள். முதல் இரண்டில் மூடிய கதவு. மீதி பதினைந்திலும் அவன். வலது கையில் ஸ்டாண்ட், இடது கட்டைவிரல் பட்டனில்.
இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "இதெல்லாம் யாரும்மா எடுத்தது?"
"அவர்தான் சார்."

ஏப்ரல் 20
அவனுக்கு ஜாமீன் மறுத்துவிட்டார்கள். மாவுக்கட்டு பிரித்தாயிற்று.
அன்று பாதியில் போன குழந்தை வந்தது. பிளாஷை மறுபடி நான்கில் வைத்தேன். ஆறு வருடம் அது என்னுடைய எண்ணும்தானே. வெளிச்சம் அடித்ததும் திடுக்கிட்டேன். ஆனால் அழுத்தியது நான்.